பறம்பின் நிலவும் வன்னியின் தறப்பாளும்: பெண் எழுத்தில் மனவடுவும் அகதி வாழ்வும்

சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகில் பிரான்மலை இருக்கிறது. தேவாரம் இதைத் திருக்கொடுங்குன்றம் என்று பாடுகிறது. சங்க காலத்துப் பாரியின் பறம்பு மலை இதுவே என்பது நீண்ட நாள் மரபு. காரைக்குடிப் பக்கத்திலிருந்து மலையைப் பார்க்க வருபவர்கள் கோயிலையும் பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையையும் நினைவில் கொண்டு திரும்புகிறார்கள். பாரிக்குப் பின் அந்த மலையிலிருந்து இறங்கிப் போன இரண்டு பெண்களைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் நிலம் பறிபோன பெண் தன் வாயால் அதைச் சொன்ன தமிழின் மிகப் பழைய கவிதைகளுள் ஒன்று அவர்களுடையது. புறநானூற்றின் 112ஆம் பாடல் அது. பாடியவர்கள் பாரி மகளிர்.

அரபுப் பெண் எழுத்தாளர்களின் படைப்புகளில் போர், வெளியேற்றம், நினைவு ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பது இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடமாகியிருக்கிறது. பெய்ரூட், நாப்லூஸ், பாக்தாத் என்னும் பெயர்கள் அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே கேள்விகளைத் தமிழுக்குள் கேட்டால் யாழ்ப்பாணமும் வன்னியும் பதிலாக வருகின்றன. பறம்பு அவற்றுக்கும் முன்னால் நிற்கிறது.

கபிலர் பார்த்ததும் மகளிர் சொன்னதும்

புறநானூற்றில் 105 முதல் 120 வரையுள்ள பாடல்கள் பாரியையும் பறம்பையும் சுற்றியவை. அவற்றில் 15 கபிலர் பாடியவை, ஒன்று மட்டும் மகளிருடையது. இந்த விகிதம் கவனத்துக்குரியது. பாரியின் நண்பர், புலவர், மூவேந்தரை எதிர்த்துப் பேசும் உரிமை படைத்தவர் என்ற நிலையில் கபிலர் நிறையப் பேசுகிறார். மலையின் வளத்தைச் சொல்கிறார், முற்றுகையிட்டவர்களை எள்ளுகிறார், விடைபெறுகிறார், திரும்பிப் பார்க்கிறார். 116ஆம் பாடலில் அவர் கண்முன் மகளிர் வருகிறார்கள். சுரைக்கொடி படர்ந்த சிறிய வீட்டின் பக்கத்தில், ஈச்ச இலைகள் கிடக்கும் குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணர்களின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மலைமேல் இருந்த காலத்தில் அவர்கள் எண்ணியது தந்தையோடு போரிட வந்த மன்னர்களின் குதிரைகளை. இப்போதும் எண்ணுகிறார்கள், எண்ணப்படும் பொருள்தான் மாறிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும் கபிலருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அகதி வாழ்வைப் பற்றி வெளியிலிருந்து எழுதப்பட்ட மிகக் கூர்மையான காட்சிகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் இது வெளியிலிருந்து எழுதப்பட்டதுதான். மகளிர் தாமே பாடிய பாடலில் குப்பைமேடும் இல்லை, வண்டியும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஐந்து அடிகள், இரண்டு திங்கள். முந்தைய திங்களில் என்ன இருந்தது, இந்தத் திங்களில் என்ன இல்லை என்ற கணக்கு மட்டுமே. நிலவு இரண்டு முறையும் ஒன்றுபோலவே காய்கிறது. துயரம் என்ற பொருளில் ஒரு சொல்லும் அதில் வருவதில்லை. தந்தையும் குன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டு இழப்புகளையும் தனித்தனியே பிரிக்க முடியாமல் போகிறது. உரைமரபு இதைக் கையறுநிலைத் துறையில் வைத்தது. செயலற்று நிற்கும் நிலை என்பது அதன் பொருள். ஆனால் பாடலைத் திரும்பப் படிக்கும்போது அதில் செயலின்மையைக் காட்டிலும் ஒரு கண்டிப்பான கணக்கே தெரிகிறது. வென்ற வேந்தர்களின் முரசுக்கு அதில் அடைமொழி உண்டு. வெற்றியைச் சிறப்பிக்கும் அந்த அடைமொழியை மூவர் சேர்ந்து ஒருவனை வஞ்சித்த கதையின் முன் வைத்துப் படித்தால் அது எள்ளலாகவும் ஒலிக்கும்.

மகளிரின் பெயர் அங்கவை, சங்கவை என்பது பிற்கால மரபு. தொகுப்பு தந்த குறிப்பில் அவர்கள் பாரியின் மகளிர் மட்டுமே. பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை. பெண்களின் அகதி எழுத்தில் இந்த இடைவெளி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது.

வளவுக்குள் தங்கியவர்கள்

அதே வட்டாரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து வேறொரு வகைப் பிரிவு நடந்தது. நகரத்தார் கொண்டுவிற்கப் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று போனார்கள். பெட்டியடிகள், அடுத்தாள்கள் என்று பல படிநிலைகளில் ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தார்கள். பெரும்பாலான பெண்கள் முகப்பும் வளவும் கொண்ட வீடுகளில் தங்கினார்கள். 1930களின் இறுதியில் கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கடன் திரும்பாததால் வந்த நிலம் அது. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது, 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். இவற்றுக்குப் பிறகு அந்த நிலமும் கடையும் கையைவிட்டுப் போயின. திரும்பி வந்தவர்களின் கதைகள் இன்றும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் சொல்லப்படுகின்றன. நடந்தே வந்தவர்களில் செட்டியார்களைவிடக் கூலித் தமிழர்கள் பல மடங்கு அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

இந்த உலகத்தைத் தமிழ் நாவலாக்கியவர் ப. சிங்காரம். பறம்பு மலைக்குப் பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர், 1920இல் பிறந்தவர், இளவயதில் சுமத்ராவின் மெடான் நகரில் வேலை பார்த்தவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. தமிழில் போரையும் அந்நிய நிலத்தையும் இவ்வளவு அருகிலிருந்து எழுதிய நாவல்கள் அதற்கு முன் இல்லை. என்றாலும் அது ஆண்களின் உலகம். பாண்டியனின் நினைவில் ஊர் வருகிறது, சந்தை வருகிறது, பெண்களும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் நினைக்கப்படுகிறார்கள், நினைப்பவர்களாக வருவதில்லை.

வளவுக்குள் இருந்த ஆச்சிகள் எதையும் சொல்லாமல் இருக்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சொன்னார்கள். நகரத்தார் தாலாட்டு நீளத்துக்குப் பெயர்பெற்றது. கடல் கடந்த அப்பச்சியும் அவர் கடையும் கொண்டுவரும் பொருள்களும் அதில் இடம்பெறும். ஒப்பாரியில் கணக்கு வேறு மாதிரி வரும். தமிழ்ப் புலமை உலகம் இவற்றை நாட்டார் வழக்காறு என்ற தட்டில் வைத்துவிட்டது. அதனால் அவற்றை ஆசிரியர் உள்ள இலக்கியமாக, பிரிவைப் பற்றிய பெண்களின் சிந்தனையாகப் படிக்கும் வழக்கம் வளரவில்லை. சங்கத் தமிழில் ‘புலம்பு’ என்ற சொல்லுக்குத் தனிமை என்பதே முதற்பொருள், அழுகை பின்னால் வந்தது. தாலாட்டு அந்தப் பழைய பொருளுக்கு மிக நெருக்கத்தில் நிற்கிறது.

மனவடு

‘டிராமா’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதற்குத் தமிழில் அதிர்ச்சி, உளக்காயம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட நூலுக்கு ‘மனவடு’ என்று பெயரிட்டார். மற்ற சொற்களைவிட இதுவே பொருத்தம். அதிர்ச்சி ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. வடு ஆறிய பிறகும் இருப்பது, தொட்டால் தெரிவது, சில வேளை மற்றவருக்கு மட்டும் தெரிவது. தனிமனிதருக்கு ஏற்படும் காயத்தை மட்டும் பார்த்தால் ஈழத்தில் நடந்தது விளங்காது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்பது சோமசுந்தரத்தின் முக்கியமான வாதம். இலக்கிய மாணவருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஈழப் பெண்களின் கவிதையில் ‘நான்’ என்று வருமிடத்தில் பெரும்பாலும் ஒரு வீடோ ஒரு தெருவோ பேசிக்கொண்டிருக்கிறது.

மேற்கத்திய கோட்பாட்டில் கேத்தி கருத் 1996இல் முன்வைத்த கருத்து மாணவர்களின் ஆய்வேடுகளில் அதிகம் எடுத்தாளப்படுகிறது. பேரதிர்ச்சி நிகழும் வேளையில் முழுமையாக அனுபவிக்கப்படுவதில்லை, பின்னர் அழைக்காமலே திரும்பி வருகிறது என்பது அதன் சாரம். கருத்து சரிதான். ஆனால் ஈழத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் ஒன்று விடுபட்டுப் போகும். அங்கே பலர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் மனம் மறுத்தது மட்டும் அன்று. பேசினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சொல்லாத சேதிகள்

1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு முன்னுரை எழுதினார். அ. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி, மைத்திரேயி உள்ளிட்ட பத்துப் பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்து, 1983 யூலை கழிந்து, இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. தொகுப்பின் பெயரே அதன் நிலைப்பாடு. இதுவரை சொல்லாதவை என்றும் சொல்ல விடாதவை என்றும் அதைப் பொருள் கொள்ளலாம். தமிழ்நாட்டில் பெண்கவிதை ஒரு தனி அலையாக எழுந்ததற்குப் பதினைந்து ஆண்டு முன்பே இது நடந்தது. பின்னால் வந்த விவாதங்களில் இந்த முன்தேதி போதிய கவனம் பெறவில்லை.

சிவரமணி 1968இல் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. அவருடைய ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ ஈழக் கவிதையின் திருப்பங்களில் ஒன்று. போரைப் பற்றி எழுதிய அந்தக் காலத்து ஆண் கவிஞர்கள் பலர் எரிந்த நகரத்தையும் விழுந்த வீரனையும் மையமாக வைத்தார்கள். சிவரமணி இருட்டில் படுத்திருக்கும் குழந்தைகளை வைத்தார். வெடியோசை ஓர் இரவைக் கெடுக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்த இரவுகள் குழந்தைகளுக்கு என்ன கற்றுத் தருகின்றன, எதைக் கேட்காமல் இருக்கப் பழக்குகின்றன, விளையாட்டு எப்படிக் கொலைக்கு ஒத்திகையாகிறது என்று படிப்படியாகக் காட்டினார். கவிதையில் வரும் வளர்ச்சி ஓர் இழப்பு. சிறுவர்கள் ‘பெரியவர்கள்’ ஆகிவிடுகிறார்கள் என்பதே அதன் குற்றச்சாட்டு. மனவடு அடுத்த தலைமுறைக்குப் போவதை இவ்வளவு முன்கூட்டிக் கண்ட வேறு தமிழ்க் கவிதையைச் சொல்வது கடினம்.

1991 மே 19 அன்று சிவரமணி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குமுன் தன் கையிலிருந்த கவிதைகளை எரித்தார். நண்பர்களிடமும் இதழ்களிலும் எஞ்சியவை 1993இல் ‘சிவரமணி கவிதைகள்’ என நூலாயின. எண்ணிக்கை இருபதைச் சற்றே தாண்டும். எரித்ததை ஒரு குறியீடாக்கி அதன்மேல் பேசிக்கொண்டே போகும் பழக்கம் விமர்சனத்தில் உண்டு. அது அவருக்கு நியாயம் செய்வதாகாது. எஞ்சிய கவிதைகள் தம்மளவில் முழுமையானவை. மரணத்தைத் திரைபோல் முன்னால் தொங்கவிட்டு அவற்றைப் படிக்கும்போது, கவிதைகளில் உள்ள கோபமும் கிண்டலும் மங்கிப்போய்ச் சோகம் மட்டும் தங்குகிறது.

ஔவையின் கவிதைகளில் வேறொரு கோணம் உண்டு. ‘வீடு திரும்பிய என் மகன்’ ஒரு தாயின் பார்வையில் அமைந்தது. திரும்பி வந்தவன் போன பிள்ளை இல்லை. ஆயுதம் ஏந்திய மகனைப் பெருமையாகக் காட்டிய பரணிகளும் மேடைப்பேச்சுகளும் ஊரெங்கும் ஒலித்த காலத்தில், வாசலில் நிற்பவனை அடையாளம் காணத் தயங்கும் தாயை எழுதுவது சாதாரணச் செயல் அன்று. புறநானூற்று மறக்குடித் தாயின் எதிர்ப்பக்கம் இது. மகன் முதுகில் காயம் பட்டானா என்று தேடிய அந்தத் தாயைத் தமிழ்ப் பாடநூல்கள் இரண்டு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

தன் தரப்பின் துப்பாக்கி

எடல் அட்னானின் ‘சித் மரி ரோஸ்’ 1970களின் இறுதியில் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. லெபனானில் காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு கிறித்தவப் பெண், பலஸ்தீனர்களுக்கு உதவியதற்காகச் சொந்தச் சமூகத்தின் ஆயுதக் குழுவாலேயே பிடிக்கப்பட்டுக் கொல்லப்படுகிறாள். மரி ரோஸ் பூலோஸ் என்ற உண்மையான பெண்ணுக்கு நேர்ந்தது அது. எதிரியின் கையால் சாவதற்குச் சடங்கும் பாட்டும் தயாராக இருக்கும். தன் தரப்பின் கையால் சாவதற்கு ஒன்றும் இருக்காது. நாவலின் கனம் இங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த நாவலை நிழலாகப் பின்தொடரும் இரண்டு பெயர்கள் உண்டு. யாழ் மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, தன் சகாக்களுடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ நூலை உருவாக்கினார். தயா சோமசுந்தரமும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். இந்தியப் படையின் காலத்தில் பெண்களுக்கு நேர்ந்தவற்றைத் தொகுத்த பகுதி ராஜினியின் உழைப்பு. இராணுவத்தின் கொடுமையையும் இயக்கங்களின் கொடுமையையும் ஒரே நூலில் எழுதுவது என்ற முடிவே அதன் அரசியல். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் வீட்டுக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர் செல்வி என்ற செல்வநிதி தியாகராஜா, நாடகமும் அரங்கியலும் படித்தவர், ‘தோழி’ இதழை நடத்தியவர். 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1992இல் பென் அமைப்பு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதை அவருக்கு அறிவித்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இதற்குப் பிறகு வடக்கில் பெண்கள் எழுதிய கவிதைகளில் ஒருவகைச் சுருக்கம் வந்ததைக் காணலாம். எழுவாய் மறைகிறது, யார் செய்தது என்பது வாக்கியத்திலிருந்து விலகிவிடுகிறது. கதவு தட்டப்படுகிறது, யாரோ அழைத்துச் செல்லப்படுகிறார்கள். தமிழின் செயப்பாட்டு வினைக்கு இப்படி ஒரு பாதுகாப்புப் பணி இருந்தது என்பதை இலக்கணப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது தெளிவின்மையாகத் தோன்றும். அந்தத் தெருவில் இருந்தவருக்குத் தெளிவில் குறையில்லை.

1990 அக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தரப்பட்ட நேரம் சில மணிகள் மட்டுமே, தொகை எழுபதாயிரத்துக்கும் மேல். தமிழில் அகதி என்ற சொல் பேசப்படும்போதெல்லாம் இந்த வெளியேற்றமும் கூடவே பேசப்பட வேண்டும். அனார், பஹீமா ஜஹான் போன்ற கிழக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த முஸ்லிம் பெண்கவிஞர்கள் போரை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கப்பட்டவர்களாக எழுதினார்கள். ஷர்மிளா செய்யித்தின் ‘உம்மத்’ (2014) தவக்குல், யோகா, தெய்வானை என்ற மூவரை ஒரே கதைக்குள் கொண்டுவந்தது. ஒருத்தி தன் சமூகத்தின் கட்டுப்பாட்டோடு போராடுகிறாள், மற்றவர்கள் இயக்கத்திலிருந்து திரும்பி வந்து ஊரில் இடமின்றி நிற்கிறார்கள். நாவலின் நடை ஆங்காங்கே கட்டுரையாகிவிடுகிறது என்பது குறைதான். எனினும் மூவருக்கும் வீடு ஒன்றுபோலவே மூடிக்கொள்கிறது என்ற அதன் அடிப்படைப் பார்வையை ஈழத்து நாவல் அதற்குமுன் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

பனியும் சமையலறையும்

புகலிடத்தில் பெண்கள் எழுதத் தொடங்கியது தனித்தனியாக அன்று, கூடிப் பேசித்தான். 1990இல் ஜெர்மனியில் தொடங்கிய பெண்கள் சந்திப்பு பின்னர் பல ஐரோப்பிய நகரங்களுக்குப் போனது. 1992இல் பிரான்சிலிருந்து ‘மறையாத மறுபாதி’ வந்தது. 2002இல் ‘ஊடறு’ தொகுப்பும் அதைத் தொடர்ந்து அதே பெயரில் இணையமும் வந்தன. தமிழ்நாட்டில் அ. மங்கை தொகுத்த ‘பெயல் மணக்கும் பொழுது’ 2007இல் வெளியானது. லண்டனில் 1970களிலிருந்தே ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் எழுதிக்கொண்டிருந்தார். அவரது ‘தேம்ஸ் நதிக்கரையில்’, ‘தில்லையாற்றங்கரை’ என்ற இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே புகலிட மனத்தின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. இரண்டுமே ஆற்றின் கரை, ஒன்று அக்கரைப்பற்றுப் பக்கம்.

இந்தத் தொகுப்புகளில் உள்ளவை எல்லாம் நல்ல கவிதைகள் என்று சொல்ல முடியாது. பனி, தனிமை, மொழி தெரியாத பேருந்து ஆகியவை பத்துப் பதினைந்து கவிதைகளுக்குப் பின் வாய்பாடாகிவிடுகின்றன. வலுவானவை வீட்டுக்குள் நுழைபவை. ஊரைவிட்டு வந்தும் ஊரின் சாதியும் சீதனமும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டன என்பதை முதலில் எழுதியவர்கள் பெண்கள். ஆண்களின் புகலிட எழுத்தில் தாய்நாடு பெரும்பாலும் ஏக்கத்தின் பொருள். பெண்களின் எழுத்தில் அது பாதி ஏக்கம், பாதி தப்பித்தல். ஹனான் அல்-ஷெய்க்கின் ‘சஹ்ராவின் கதை’ (1980) இந்த இரட்டை நிலையை நன்றாக அறிந்த நாவல். தந்தையின் வீட்டில் அடிவாங்கி வளர்ந்த சஹ்ராவுக்கு பெய்ரூட்டின் போர் அச்சத்தோடு சேர்த்து ஒரு விநோத விடுதலையையும் தருகிறது. பதிப்பகங்கள் அதை ஏற்க மறுத்ததால் ஆசிரியரே செலவு செய்து வெளியிட வேண்டியிருந்தது. லெபனான் போரைப் பெண்கள் எழுதிய முறையை ஆராய்ந்த மிரியம் குக், அவர்களை நகரின் மையத்திலிருந்து விலகி நின்றவர்கள் என்ற பொருளில் ஒரு குழுவாகப் பெயரிட்டார். விலகி நின்றதால்தான் போர் என்பது வீரச்செயல்களின் வரிசையாக அன்றி, தண்ணீர் வராத குழாயாகவும் கூண்டில் பட்டினி கிடக்கும் விலங்காகவும் அவர்களுக்குத் தெரிந்தது. கதா அஸ்-ஸம்மானின் ‘பெய்ரூட் கொடுங்கனவுகள்’ நாவலில் சண்டைக்கு நடுவே சிக்கிய செல்லப்பிராணிக் கடை அப்படிப்பட்ட ஒன்று.

2009க்குப் பின்

1995 அக்டோபர் 30 இரவில் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தார்கள். அதன் பின் வன்னியில் இடம்பெயர்வு ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆனது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் அது முள்ளிவாய்க்காலின் மணல்திட்டில் வந்து முடிந்தது. எஞ்சியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். இந்தக் காலத்தைச் சொல்லும் பெண்களின் நூல்களில் தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ தனித்து நிற்கிறது. தமிழ்க்கவி இயக்கத்தோடு நெருங்கி வாழ்ந்தவர், இறுதிப் போரையும் அங்கிருந்தே பார்த்தவர். நாவலில் பெரும் உரைகள் இல்லை. ஒரு குடும்பம் நகர்கிறது, தறப்பாள் கட்டுகிறது, பங்கர் வெட்டுகிறது, மறுபடி அவிழ்த்துக்கொண்டு நகர்கிறது. அரிசி எங்கே கிடைக்கும், சட்டி எங்கே விட்டுப்போனது, எந்தப் பக்கம் செல் விழுகிறது என்பவையே பக்கங்களை நிரப்புகின்றன. சில வாசகர்களுக்கு இது சலிப்பூட்டியது. ஆனால் அழிவு அப்படித்தான் வந்தது, சலிப்பும் பசியும் கலந்து, ஒவ்வொரு கிழமையும் சிறிது குறைந்த பொருள்களோடு. பாரி மகளிரின் கணக்கு இங்கே முந்நூறு பக்கம் நீள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல், அவர் புற்றுநோயால் இறந்த சில மாதங்களில் வெளிவந்தது. நூலின் எல்லாப் பகுதிகளும் அவருடையவைதானா என்ற சர்ச்சை உடனே எழுந்தது. இயக்கத்தை விமர்சித்ததற்காக ஒரு சாராரும், போதிய அளவு விமர்சிக்கவில்லை என்று இன்னொரு சாராரும் அதை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். இறந்த பெண்ணின் நூல் இப்படிக் கையாளப்பட்டது அந்தக் காலத்தின் மனநிலைக்கே சான்று. தலைமையின் முடிவுகளை மதிப்பிடும் பகுதிகளைவிடச் சிறையில் பிற பெண்களோடு கழித்த நாட்களைச் சொல்லும் பகுதிகள் உயிரோடு இருக்கின்றன. அங்கே அவர் பொறுப்பாளராக இல்லை, மற்ற பெண்களோடு ஒருத்தி.

ரத்வா ஆஷூரின் ‘தன்தூரா’ நாவலை (2010) இந்த நூல்களோடு சேர்த்து வாசிப்பது பயன் தரும். ஹைஃபாவுக்குத் தெற்கே உள்ள கடற்கரைச் சிற்றூர் தன்தூரா. 1948 மே மாதத்தில் அங்கே நடந்த படுகொலையில் ருகையா என்ற சிறுமி தந்தையையும் அண்ணன்மாரையும் இழக்கிறாள். அவளுடைய தாய் அதை ஏற்பதில்லை. பிள்ளைகள் எகிப்துக்குப் போய்விட்டார்கள் என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஊர் வீட்டின் சாவியைக் கழுத்தில் அணிந்துகொள்கிறாள். தமிழ் வாசகருக்கு இந்தத் தாய் அந்நியமானவள் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தெருவோரம் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். கையில் சாவிக்குப் பதில் சட்டம் போட்ட படங்கள். அவர்களில் பலர் கையளித்தவர்கள், அதாவது மகனையோ கணவனையோ தம் கையாலேயே படையினரிடம் கொடுத்தவர்கள். இறந்தான் என்று சொல்வது அவர்களுக்கு ஒரு வழக்கைக் கைவிடுவதற்குச் சமம். கருத்தின் கோட்பாடு இதை ஏற்க மறுக்கும் மனம் என்று சொல்லக்கூடும். பந்தலில் இருப்பவர்களுக்கு அது ஒரு கோரிக்கை. நாவலும் பந்தலும் சேர்ந்து விமர்சனத்திடம் கேட்பது இதுதான்: மறுப்பு எப்போது நோய், எப்போது நிலைப்பாடு?

சாட்சியமும் கவிதையும்

ஈழப் பெண்களின் எழுத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் வரும் மதிப்புரைகளில் ‘சாட்சியம்’ என்ற சொல் தவறாமல் வருகிறது. மரியாதையாகச் சொல்லப்படும் இந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. சாட்சி உண்மை சொன்னாளா என்று மட்டும் பார்க்கப்படுவாள், எப்படிச் சொன்னாள் என்று பார்க்கப்படுவதில்லை. சிவரமணியின் வாக்கியம் எங்கே உடைகிறது, ஊர்வசி ஏன் கடிதத்தின் வடிவத்தைத் தேர்ந்தாள், தமிழ்க்கவி வட்டாரச் சொல்லை எங்கே விளக்காமல் விடுகிறாள் என்ற கேள்விகள் வகுப்பறைக்கு வருவதில்லை. அரபுப் பெண்களின் எழுத்தும் மேற்கில் இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கே அவை ஒடுக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலமாக வாங்கப்பட்டன. இங்கே இனத்தின் வாக்குமூலமாக. இரண்டிலும் எழுதியவளின் கைவண்ணம் கணக்கில் வரவில்லை.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்த எழுத்தை எடுத்துக்கொண்டால் குறை இன்னும் பெரிது. 1983க்குப் பின் மண்டபம் வழியே வந்தவர்கள் மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வைக்கப்பட்டார்கள். சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் உள்ளன. 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. முகாம் வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிப் பரவலாக அறியப்பட்ட நூல் தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ (2007). அதை எழுதியவர் ஆண். கனடாவிலும் ஜெர்மனியிலும் பெண்களுக்குச் சந்திப்பும் மலரும் தொகுப்பும் இருந்தன. முகாமில் மாலை வருகைப் பதிவுக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கு அவை இல்லை.

சிங்காரத்தின் ஊரிலும் காரைக்குடியிலும் இன்று எண்பது, தொண்ணூறு வயது ஆச்சிகள் சிலருக்குப் பர்மாத் தாலாட்டு நினைவிருக்கிறது. முகாமில் பிறந்த பேத்திகளுக்கு மன்னாரின் ஊர்ப்பெயர்கள் மனப்பாடம், பார்த்ததில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்திலிருந்து இந்த இரண்டு வாசல்களுக்கும் பேருந்து போகிறது.